டாக்டர் பாயின் மஞ்சள் மாத்திரை

கள்ளக்குறிச்சி கடைவீதியில் மருந்துக்கடை வைத்திருந்த கலீலுல்லாவை எல்லாரும் டாக்டர் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது என்னவோ பத்தாவது. அந்தப் பட்டத்தை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. அதுதான் வினையாய்ப் போயிற்று.

மலையடிவாரத்தில் குத்தகைக்குப் பயிர் வைக்கிற கொளஞ்சியப்பனின் மனைவி பச்சையம்மாள், பங்குனியில் வெளுத்துப்போய் வந்து நின்றாள். பாய் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தம் கம்மிம்மா" என்று மஞ்சள் நிறத்து ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கொடுத்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் வயிற்றுப்புண்ணுக்காக அவள் இரைப்பையை அறுத்து எடுத்திருந்தார்கள். அது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்? இரண்டே மாதத்தில் அவள் முகம் தெளிந்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்தார் மனிதர்.

ஆடியில் ஒருநாள் அவள் கடைப்படி ஏறியபோது ஒரு செருப்பு நடுரோட்டில் கிடந்தது. கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னாம்மா, கால்ல உணர்ச்சி இல்லியா?"

"பஞ்சு மேல நடக்கற மாதிரி கீது பாய்."

"ரத்தம் இன்னும் ஊறணும்" என்று மாத்திரையை இரட்டிப்பாக்கினார்.

ஆவணிக் கடைசியில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாய்க்குப் பயம் வந்துவிட்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். அது எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஏழு நாள் ஒரு வண்டி நகரவில்லை. மகனுக்கு ஓர் உத்தியோகம் கிடைக்காதா என்று கொளஞ்சியப்பனும் மறியலுக்குப் போயிருந்தான். அந்த ஏழு நாளில் அவள் படுத்தேவிட்டாள்.

வழி திறந்ததும் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே நரம்பு டாக்டர் கலீலுல்லாவைத் தனியே அழைத்தார்.

"நரம்பைச் சுத்தி ஒரு உறை இருக்கு. அதுல இருக்கிற புரதத்துல மெத்தில்னு ஒரு துணுக்கு ஒட்டிக்கிட்டே இருக்கணும். ஒட்டலேன்னா உறை சிதைஞ்சிடும்னு நினைக்கிறோம். அது ஒட்டறதுக்கு பி12 வேணும். இரைப்பையை எடுத்தவங்களுக்குச் சாப்பாட்டுல இருந்து அது ஏறாது, ஊசிதான் போடணும். யாரோ ஃபோலிக் ஆசிட் மட்டும் குடுத்திருக்காங்க. ரத்தம் தேறிடுச்சு, நோய் மறைஞ்சு நின்னு நரம்பைத் தின்னுடுச்சு."

"நடப்பாளா சார்?"

"ஆறு மாசம் முன்னாடி போட்டிருந்தா நடந்திருப்பாங்க."

டாக்டர் எழுதிக்கொடுத்த ஊசிச் சீட்டைப் பாய் வாங்கிப் படித்தார். அவர் கடை அலமாரியில் முன்வரிசையில் இருக்கிற சிவப்பு ஊசிதான் அது. அலுப்பு என்று வருகிற காண்டிராக்டர்களுக்குச் சத்து ஊசி என்று சொல்லி விற்பது. மறியல் நடந்த வாரத்தில்கூட விற்றிருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் மருந்தை வைத்துக்கொண்டு, ரோடு திறக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தை வரைக்கும் வாரம் தவறாமல் அவள் வீட்டுக்கே போய் ஊசி போட்டார். கால் அசையவில்லை. இனி மறைக்கக் கூடாது, சொல்லிவிடுவது என்று ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கிளம்பினார்.

கொளஞ்சியப்பன் அவளைத் தூக்கிவந்து வெயிலில் உட்கார வைத்துக்கொண்டிருந்தான். பாயைக் கண்டதும் அவனே முந்திக்கொண்டான்.

"உங்களாண்ட ஒண்ணு சொல்லணும் பாய். ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டவன்ல நானும் ஒருத்தன். அந்த ஏழு நாளு இல்லாங்காட்டி இவ நடந்திருப்பா இல்ல? எம் பொண்டாட்டி கால நானே முடக்கிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதான். பச்சையம்மாள் பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு.

கலீலுல்லா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வுடு கொளஞ்சி, தெரியாமத்தான செஞ்ச" என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கொளஞ்சியப்பன் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.