வடிகட்டியும் காகித மனிதர்களும்

சுரங்கக்காரர் தன் கணினிகளில் வடிகட்டி பொருத்திய மறுநாள் காலை ஏழு மணிக்கு, அவர் தள்ளிவிட்ட குப்பைப் பரிவர்த்தனைகள் நடந்தே வந்து வாசலில் வரிசை கட்டின. ஆள் உயரம், காகிதக் கனம், முதுகில் ஆளுக்கொரு சிரிக்கும் வாத்துப் படம். மொத்தம் நாலாயிரத்துப் பன்னிரண்டு பேர் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் எண்ணிச் சொன்னார். அவர் எண்ணிக்கையில் தப்பு வராது.

சுரங்கக்காரர் மண்வெட்டியைத் தொட்டவரில்லை. ஊர் உலகம் அனுப்பும் மின்காசுப் பரிவர்த்தனைகளை முப்பது கணினிகளை வைத்துக் கட்டாகக் கட்டி, பூட்டி, சங்கிலியில் சேர்ப்பது அவர் தொழில். சேர்த்த ஒவ்வொன்றுக்கும் அனுப்பியவர் வைத்த கட்டணம் கிடைக்கும். விளையாட்டுக்கு வாத்துப் படம் அனுப்புகிறவர்களால் நெரிசல் ஏறி, தேவைக்குப் பணம் அனுப்புகிறவர்கள் நாள்கணக்கில் நிற்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. காசோடு வேறு எதைச் சுமந்து வந்தாலும் சேர்க்காதே என்று கணினிகளுக்கு ஒரே வரியில் கட்டளை போட்டார். நல்ல மனுஷன்தான், ஆனால் பிடித்தால் பிடித்ததுதான்.

காகித மனிதர்கள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தெருவைக் கடந்து, அதே தொழில் செய்யும் அவருடைய மைத்துனரின் கணினிக் கொட்டகைக்குள் போனார்கள். மைத்துனர் முகம் பார்ப்பதில்லை. யார் அதிகக் கட்டணம் வைக்கிறாரோ அவருக்கே முதல் இடம். இரண்டே வருடத்தில் அந்தக் கொட்டகைக்கு மாடி வந்தது. கட்டண வருமானம் போய்ச் சுரங்கக்காரரின் கணினிகள் ஏழாகக் குறைந்தன. குப்பை மட்டும் ஒரு பிடிகூடக் குறையவில்லை.

“ஏங்க, உங்க வைராக்கியத்துல என் தம்பி மாடி கட்டிட்டான்,” என்றாள் மனைவி. “அதுல நமக்கு ஒரு ஜன்னலாவது கேட்டுப் பாருங்க.”

மூன்றாம் வருட மழையில் வாசலில் ஒரு காகிதப் பெண் மட்டும் நின்றாள். பதினோரு நாளாக நிற்கிறாள் என்றார் தையல்காரர். மனைவி உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் ஒற்றியெடுத்தாள். முதுகில் வாத்து இல்லை. ‘அம்மா, வெள்ளிக்கிழமை உன் ஆபரேஷனுக்குப் பணம் கட்டிடு’ என்று ஒரு வரி. அவள் வைத்த கட்டணம் எதிர்க்கொட்டகைக்குப் போதாது. இந்தக் கொட்டகையிலோ அந்த ஒரு வரியே அவளுக்குப் பாரமாகிவிட்டது. அன்று புதன்கிழமை.

“வாத்தும் அம்மாவும் உங்க மெஷினுக்கு ஒண்ணுதானா?” என்று கேட்டாள் மனைவி.

சுரங்கக்காரருக்கு வெட்கமாக இருந்தது. வடிகட்டியைக் கழற்றினார். வாத்துகள் திமுதிமுவென்று உள்ளே வந்தன. ஆனால் கட்டின் உச்சியில் அவளைத் தன் கையாலேயே வைத்தார். முதலில் பூட்டுகிறவரின் கட்டுதான் சங்கிலியில் சேரும்; ஏழே கணினிகள் மற்றவர்களை முந்திப் பூட்டுவது அபூர்வம். அவரும் மனைவியும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். வியாழன் மதியம் மூன்றாவது கணினி பூட்டியது. நாற்காலியில் ஈரத் துண்டு மட்டும் மிஞ்சியது.

கட்டணம் ஏறியதில் வாத்து அனுப்பியவர்களின் பை காலியாகி, அடுத்த சில வருடங்களில் அவர்கள் தாமாகவே குறைந்தார்கள். அதற்குள் சுரங்கக்காரர் ஒவ்வொரு கட்டிலும் குறைந்த கட்டணக்காரர் ஒருவருக்குக் கையால் இடம் போடப் பழகியிருந்தார். நஷ்டம் என்றார் மைத்துனர். நஷ்டம்தான்.

ஒரு நாள் அதே காகிதப் பெண் வந்தாள். இந்த முறை அவளிடம் இருந்த கட்டணம் எதிர்க்கொட்டகையில் முதல் இடத்துக்கே போதும். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகில், ‘அம்மா, நீ மாடிப்படி ஏறினியாமே’ என்று எழுதியிருந்தது. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.