சொல்லிவிட்ட கனவு

பார்வதம் அந்தக் கனவை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம். விடிந்ததும் பக்கத்து வீட்டு ஞானம்மாளிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

மாமல்லபுரத்தில் நடுச்சுவர் ஒன்றாக இருந்த இரண்டு வாடகை வீடுகள். ஒன்றில் பார்வதமும் அவள் கணவன் சுப்புராமனும். கல்பாக்கத்தில் அவனுக்கு வேலை கிடைத்ததால் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். இன்னொன்றில் ஞானம்மாளும் டூரிஸ்ட் வேன் ஓட்டும் ஆபிரகாமும். பார்வதம் டைஃபாய்டில் கிடந்தபோது தலையைத் தாங்கிப் பிடித்துக் கஞ்சி ஊட்டியவள் ஞானம்மாள். அந்த உரிமையில்தான் பார்வதம் சொன்னாள்.

"அண்ணன் வேனுக்குள்ள உக்காந்திருக்காரு. தண்ணி கழுத்து வரைக்கும் நிக்கிது. நான் கண்ணாடியத் தட்டுறேன், திரும்பியே பாக்கல. கொஞ்சம் கவனமா ஓட்டச் சொல்லு ஞானம்மா."

துணி பிழிந்துகொண்டிருந்த ஞானம்மாளின் கை நின்றது. "காலங்காத்தால இன்னா பேசற நீ? எம் புருஷனுக்குச் சாவு சொல்ல வந்தியா?"

"ஐயோ, பயந்துபோய்ச் சொன்னேன்..."

"ஏன், உன் வூட்டுக்காரரு கனவுல வர மாட்டாரா? எம் புருஷன்தான் கெடைச்சாரா?"

சத்தம் கேட்டு வெளியே வந்த ஆபிரகாம் சிரித்தார். "கனவுக்கு ஒரு சண்டையா? வுடு ஞானம்." வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

அந்த வாரமே மதுராந்தகம் தாண்டி அவர் வேன் ஒரு லாரியின் பின்னால் மோதியது. உயிர் தப்பிவிட்டது. வலது கால் நொறுங்கிப்போனது.

அதோடு தெரு பார்வதத்தின் மேல் திரும்பியது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. மளிகைக்கடை முனிசாமி, "எங்க வூட்டப் பத்தி எதுனா கனவு கண்டியாம்மா? முன்னாடியே சொல்லிடு" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டான். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஞானம்மாள் தினமும் அவள் வாசலில் ஊற்றினாள். சுப்புராமன்கூட, "உன் வாய் சும்மா இருந்திருக்கலாம்" என்றான். அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

ஒரு மத்தியானம் துணிந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஞானம்மாள் மருந்து வாங்கப் போயிருந்தாள். ஆபிரகாம் கட்டுப் போட்ட காலோடு படுத்திருந்தார். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"எம் மேல கோவமாண்ணே?"

"கோவம் இல்லாம? வேன்ல உக்காந்தாலே நீ சொன்னதுதான் மண்டையில ஓடிகினு இருந்துச்சி. அன்னிக்கும் அதத்தான் நெனச்சிகினு இருந்தேன். லாரிக்காரன் பிரேக் போட்டத பாக்கல."

"அப்ப, நான் சொல்லாம இருந்திருந்தா?"

"தெர்ல. கெளம்பு. அவ வர்ற நேரம்."

கிளம்பியவளை வராந்தாவில் ஞானம்மாள் பிடித்துவிட்டாள். மணிக்கட்டை முறுக்கிச் சுவரோரம் தள்ளினாள். "செத்தாரா இல்லியான்னு பாக்க வந்தியா?"

"கைய விடு. நல்லதுன்னு நெனச்சுச் சொன்னதுக்கு என்னைய நாயா அடிக்கிறீங்க. நான் என்ன வேணும்னா கனவு கண்டேன்?"

ஞானம்மாள் கையை விடவில்லை. குரல் மட்டும் தணிந்தது. "அதுக்கப்புறம் எதுனா கண்டியா? டாக்டர் கால எடுக்கணுமான்னு நாளைக்குத்தான் சொல்லுவாராம். மறைக்காம சொல்லு."

பார்வதம் அவளை உற்றுப் பார்த்தாள். இத்தனை நாள் வாசலில் எச்சில் தண்ணீர் ஊற்றிய கை, இப்போது பதிலுக்காக அவள் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. ஒரு வார்த்தையில் இவளைக் கொன்றுவிடலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நான் தூங்குறதே இல்ல ஞானம்மா. கண்ண மூடவே பயமா இருக்கு. கனவு எங்க வரும்?"

பிடி தளர்ந்தது. ஞானம்மாள் வார்டுக்குள் போனாள்.

ஆபிரகாமின் கால் தப்பியது. தாங்கித் தாங்கி நடந்தார், பிறகு மறுபடியும் வேன் ஓட்டினார். வாசலில் தண்ணீர் ஊற்றுவது நின்றது. ஆனாலும் ஞானம்மாள் அவளோடு பேசவில்லை. பார்வதமும் போய்ப் பேசவில்லை. மறுவருஷம் சுப்புராமன் கூடுவாஞ்சேரியில் வீடு பார்த்தான். சாமான் ஏற்றிய லாரி கிளம்பியபோது அடுத்த வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே ஆள் இருப்பது பார்வதத்துக்குத் தெரியும். அவள் தட்டவில்லை.