நெட்டை ஸ்கேலைக் கீழே வைத்த மதியம்

எங்கள் வகுப்பில் என்னையும், உயரத்தால் நெட்டை என்று பெயர் வாங்கிய நண்பனையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பாடம், இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்கச் சமூகமும் பண்பாடும். அதில் என் வருகைப் பதிவு அறுபத்தோரு சதவீதம். அறுபத்தைந்து இல்லாதவனுக்குத் தேர்வு கிடையாது. "கட்டுரைல பத்துக்கு ஏழு எடு, வருகைக் குறைவுப் படிவத்துல கையெழுத்துப் போடறேன்" என்று பாடம் எடுக்கும் மேடம் சொல்லியிருந்தார். இல்லையென்றால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான்.

தலைப்பு, அந்தக் காலத்துக் கார் தொழிற்சாலை. அங்கே ஆட்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள், கார் நகர்ந்தது. ஒருவனுக்கு ஒரே திருகாணி. பன்னிரண்டு மணி நேரம் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது என்று மேடம் சொன்னபோது எனக்குள் ஒரு முதலாளி எழுந்து சோம்பல் முறித்தான்.

எல்லாரும் கட்டுரை கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலையில் காலி வகுப்பறையில் திட்டத்தை அறிவித்தேன். "கட்டுரை பத்துப் பக்கம். பத்துப் பேர் ஆளுக்கொரு பக்கம். அதையே பன்னெண்டு தடவை எழுதித் தள்ளுங்க. நெட்டை மார்ஜின் போடுவான். நான் மேற்பார்வை."

"பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து மாறுமேடா?" என்றான் ஒருவன்.

"மாறட்டும். பாடத்தை நடத்திக் காட்டினோம்னு சொல்லுவோம். மேடம் அசந்துடுவாங்க."

இதில் எழுதும் வேலை குறையாது, படிக்கும் வேலைதான் குறையும். எங்களில் யாருக்கும் எழுதுவதில் வருத்தம் இருந்ததில்லை.

மதியம் வரை ஓட்டம் சீராக இருந்தது. எழுபதாவது தாளில் நெட்டை ஸ்கேலைக் கீழே வைத்தான்.

"என்னடா?"

"நின்னு நின்னு இடுப்பு போச்சு. என்ன கட்டுரைன்னே எனக்குத் தெரியலடா."

"தெரியாம இருக்கறதுதான்டா முறையே!"

"அப்போ நீ போடு."

"நான் மேற்பார்வை."

"ஆமா, மாமியார் மாதிரி நின்னு குத்தம் சொல்ற. அதுக்கொரு பேரு."

பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டான். கோடில்லாத தாளில் எழுத மாட்டோம் என்று மற்ற பத்துப் பேரும் பேனாவை மூடினார்கள். கெஞ்சினேன், திட்டினேன். அவன் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் கழித்து நிமிர்ந்தான்.

"டேய், அங்கயும் ஆளுங்க கும்பல் கும்பலா வேலைய விட்டு ஓடிட்டாங்களாம். அப்புறம் முதலாளியே இறங்கி வந்து கூலிய ஏத்தியிருக்கான், நேரத்தக் குறைச்சிருக்கான்."

"உனக்கு என்ன வேணும்?"

"உட்கார பெஞ்சு. மிச்சக் கோட்டுல பாதி நீ போடணும்."

பெஞ்சை நானே இழுத்துப் போட்டேன். கோடும் போட்டேன், கோணலாக. நாலு மணிக்குப் பன்னிரண்டு கட்டுரைகளையும் மேடம் மேசையில் அடுக்கி, விளக்கமும் சொன்னேன்.

மேடம் மூன்றைப் புரட்டிப் பார்த்தார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நல்லாருக்கு. தொழிற்சாலைன்னா சரக்கைச் சோதிச்சுத்தான் வெளிய விடுவாங்க. ஒவ்வொருத்தரா அவங்கவங்க கட்டுரையை வாயால சொல்லுங்க."

நாலாம் பக்கத்துக்காரி நாலாம் பக்கத்தை அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு நின்றாள். ஏழாம் பக்கத்துக்காரன் 'எனவே' என்று ஆரம்பித்தான். எதனால் என்பது அவனுக்குத் தெரியவில்லை. நெட்டை மட்டும் ஆள் ஓடியது, கூலி ஏறியது, ஏன் ஏறியது என்று கால் மணி நேரம் பேசினான். ஒன்பது மார்க்.

"நீ எந்தப் பக்கம்?" என்றார் என்னிடம்.

"எல்லாப் பக்கமும், மேடம்."

"உன் கையெழுத்து எதுல இருக்கு?"

"அட்டைல. பன்னெண்டு பேர் பேரையும் நான்தான் எழுதினேன்."

மற்றவர்களுக்கு அவரவர் பக்கத்துக்கு நாலு மார்க். எனக்கு அட்டைக்கு ஒன்று. படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பித் தந்தார்.

"மேடம், ஒரு வாய்ப்பு..."

"திங்கக்கிழமை காலைல வந்து பத்துப் பக்கத்தையும் தனியா சொல்லு. பார்க்கலாம்."

வெளியே நெட்டை சைக்கிள் பூட்டைத் திறந்து ஸ்டாண்டை எடுத்துக்கொண்டிருந்தான். இவ்வளவு திட்டிய பிறகு அவனிடம் எப்படிக் கேட்பது என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னடா, எந்தப் பக்கம் புரியல?" என்றான்.

"மொதல் பக்கத்துலருந்து."

சைக்கிளை மறுபடி ஸ்டாண்டு போட்டான்.