கள்ளிச்செடியின் சந்தேகம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறந்தது இல்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது கட்டுரை. வகுப்பறைக் கல்வி, இணையவழித் தொலைதூரக் கல்வி, இரண்டையும் ஒப்பிட்டு எது சிறந்தது என்று எழுத வேண்டும். நானும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் வகுப்பறை, வலப்பக்கம் இணையம். இடப்பக்கத்தில் 'ஆசிரியர் நம் முகத்தைப் பார்ப்பார்' என்று எழுதினேன். வலப்பக்கத்தில் 'ஆசிரியர் நம் முகத்தைப் பார்க்க முடியாது' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் இரண்டுமே நன்மையாகத்தான் தெரிந்தது. அதற்கு மேல் கட்டுரை ஒரு அடி நகரவில்லை.

அந்தக் கோட்டின் மேல் ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள். கையில் செல்போன், காதில் இயர்போன், மடியில் ரஃப் நோட்டு. எழுந்து போகச் சொல்லிப் பார்த்தேன். 'கிளாஸ் நடக்குது, சத்தம் போடாதீங்க' என்று என்னையே அதட்டினாள். வேறு வழியில்லாமல் கதையாக்கிவிட்டேன்.

2

தொடங்குவதற்குப் பட்ட பாட்டையும் மறைக்க விரும்பவில்லை.

முதல் தொடக்கம்: 'மாலை வெயில் ஜன்னல் வழியே மெல்ல...' (வேண்டாம். ஜன்னல் வழியே வராத வெயிலை நீங்கள் எந்தக் கதையிலாவது பார்த்திருக்கிறீர்களா?)

இரண்டாவது: 'தகவல் தொழில்நுட்பம் விரல் நுனிக்கு வந்துவிட்ட இந்தக் காலகட்டத்தில்...' (இது கட்டுரையின் மிச்சம். விரட்டிவிட்டேன்.)

மூன்றாவது: 'அவள் தன் கணவனுக்குத் தெரியாமல் ஒரு ஆணோடு வாரத்தில் மூன்று நாள் பேசிக்கொண்டிருந்தாள். அந்த ஆண் அவள் கணவன்.' (இது நன்றாக இருக்கிறது. ஆனால் குட்டு முதல் வரியிலேயே உடைந்துவிடுகிறது. சரி, உடைந்தது உடைந்ததுதான். இனி நமக்குள் ஒளிவுமறைவு இல்லை.)

3

அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பகலெல்லாம் சாக்பீஸ். சாயங்காலம் வீட்டுப் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தொலைதூரக் கல்வி நிறுவனத்துக்காகத் திரை முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்துவார். பள்ளிக்கூடம் அவருக்கு உயிர். கடைசி வரிசையில் பேனாவைச் சுழற்றிக்கொண்டிருக்கிற விரல் நின்றுவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் புரியவில்லை என்று கரும்பலகையிலிருந்து திரும்பாமலே கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்வார்கள். (திரும்பாமல் எப்படித் தெரியும்? கொஞ்சம் மிகைதான். திரும்பித்தான் பார்ப்பார்.)

இணைய வகுப்பென்றால் வேப்பங்காய். கேமராவை யாரும் போடுவதில்லை. முகத்துக்குப் பதில் ஒரு சூரியன், ஒரு கார், யாருடையதோ குழந்தை, ஒரு பூனை. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் பூனை கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும். கிணற்றுக்குள் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கிறது என்று மனைவியிடம் அலுத்துக்கொள்வார். இந்த வருடத்தோடு விட்டுவிடப் போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவிக்குக் கண் மருத்துவமனையில் வேலை. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்து, பெயர் கூப்பிட்டு, சொட்டு மருந்து விட்டவர்களைக் கண்ணை மூடி உட்காரவைப்பாள். மேசைக்கு நேர் எதிரே கண்ணாடிக்கு அளவு பார்க்கிற அறை. அங்கே ஒருவர் வட்ட வட்டமாகக் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, 'இப்போ தெளிவா இருக்கா, இப்போ?' என்று கேட்பதை அவள் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அளவு பார்க்கிறவரின் அந்த நாற்காலி அவளுக்கு வேண்டும். அதற்கு மருத்துவமனையே பயிற்சி கொடுக்கும். ஒரே ஒரு நிபந்தனை, பத்தாம் வகுப்புக் கணக்கில் தேறியிருக்க வேண்டும். அவள் படிப்பை நிறுத்தியதே அந்தக் கணக்கால்தான்.

வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது என்ன கவலை என்று நீங்கள் நினைப்பீர்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

4

சாப்பாட்டு மேசை வகுப்பு ஒரே ஒரு நாள்தான் நடந்தது. சமன்பாடு. அஞ்சு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது, போனதும் ப்ளஸ் மைனஸாகிவிடுகிறது. அவள் ஏன் என்று கேட்டாள்.

"அது அப்படித்தான். பக்கம் மாறினா குறி மாறும். இதுல ஏன்னு என்ன கேள்வி?"

"ஏன்னு தெரியாம எப்படிங்க மாத்தறது?"

அவர் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு இருக்கிறதே, அது அவளுக்கு அத்துபடி. கார் சாவியை அவள் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடும்போது வருவது. அவள் புத்தகத்தை மூடிவிட்டு ரசத்தை இறக்கப் போய்விட்டாள்.

(இங்கே கொஞ்சம் கட்டுரை வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் ஒருவருக்குப் புரியவில்லை என்றால் அது வாத்தியாருக்கு வேலை. வீட்டில் ஒருவருக்குப் புரியவில்லை என்றால் அது ஏனோ நம்மைக் குறை சொல்வது மாதிரிப் பட்டுவிடுகிறது. நாற்பது பேருக்குப் பொறுமையாக இருக்கிற மனிதர் ஒரே ஒருத்திக்கு இருக்க முடியாமல் போவது இதனால்தான் என்பது என் கணிப்பு. ஆராய்ச்சியெல்லாம் இல்லை, நானும் வீட்டில் இருப்பவன்தானே.)

அவள் விடுகிற ஆள் இல்லை. அதே தொலைதூரக் கல்வி நிறுவனத்தில் பதிவு செய்தாள். அங்கே கணக்குக்கு நிறையப் பேர் இருந்தார்கள், வேறு யாராவது வருவார்கள் என்று நம்பினாள். முதல் நாள் சமையலறையில் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டாள். திரை திறந்தது. எதிரே தன் வீட்டுப் படுக்கையறைச் சுவர். சுவருக்கு முன்னால் தன் வீட்டுக்காரர்.

வெளியேறத்தான் விரல் போனது. அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. அவசரமில்லாத, சிரிப்பு கலந்த, தப்பாகச் சொன்னால்கூட 'பரவாயில்ல, பாதி தூரம் வந்துட்டீங்க' என்கிற குரல். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தார் இந்த மனுஷன் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பதிவு எண் மட்டும்தான் வந்தது. படத்துக்கு ஜன்னலோரத்துக் கள்ளிச்செடியைப் போட்டாள்.*

* தினமும் காலையில் அவர் தண்ணீர் தெளிக்கிற அதே செடிதான். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நம்ப முடியாதவர்கள் தங்கள் வீட்டுத் தரை ஓடு என்ன நிறம் என்று குனியாமல் சொல்லிப் பாருங்கள்.

5

அடுத்த வகுப்பில் கள்ளிச்செடி எழுத்தில் கேட்டது: 'சார், ஒரு சந்தேகம். அந்தப் பக்கம் போனா ப்ளஸ் ஏன் மைனஸ் ஆகுது?'

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பெருமூச்சு வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இதை யாருமே கேக்கறதில்ல. எதுவும் பக்கம் மாறலைங்க. தராசு இருக்கு, ரெண்டு தட்டு. இந்தத் தட்டுலேர்ந்து அஞ்சு எடுத்தா, சாயாம இருக்க அந்தத் தட்டுலேர்ந்தும் அஞ்சு எடுக்கணும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதானா! அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்ப்பதற்குத்தான் அவர் பள்ளிக்கூடம் போகிறார். சாத்திய கதவுக்கு இந்தப் பக்கம் அது நடந்துகொண்டிருந்தது, அவர் ஒரு செடியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து கள்ளிச்செடிதான் வகுப்பின் செல்லம். சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. இன்றைக்கு என்ன கேட்டது தெரியுமா, அதுக்கு எப்படித்தான் இப்படித் தோணுதோ, அது ஒண்ணு இருக்கறதாலதான் நான் இந்த வேலையை விடாம இருக்கேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, அது ஆணா பெண்ணா என்று கேட்டாள். தெரியாது, செடி என்றார். ரொம்பத்தான் புகழ்கிறீர்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். பாத்திரம் கழுவும்போதுதான் தனக்கு வந்திருப்பது பொறாமை என்றும், அது தன் மேலேயே வந்திருக்கிறது என்றும் அவளுக்கு உறைத்தது. குழாயைத் திறந்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

ஆனாலும் சொல்லவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. உண்மை தெரிந்த நிமிடமே அந்தக் குரல் போய்ச் சாப்பாட்டு மேசைக் குரல் வந்துவிடும். குரல் போனால் கணக்கு போகும், கணக்கு போனால் அந்த நாற்காலி போகும். அவளுடைய பயமெல்லாம் அதுதான். அவரோ, அவள் காதில் மாட்டிக்கொண்டு சீரியல் பார்ப்பதாக நினைத்து, அளவோடு பார் என்று அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

6

(பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கேட்டார். கணவனும் மனைவியும் என்றேன். நான் கேட்டது ஒப்பீடு என்றார். அதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்றேன். நல்லவர், வைத்துவிட்டார்.)

7

இனி அழைப்பு மணி. இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஒரு வழிக்கணக்கைக் கொடுத்துவிட்டு, எல்லோரும் போட்டுப் பாருங்கள் என்று அவர் காத்திருந்தார். சமையலறையில் அவள் குனிந்து போட்டுக்கொண்டிருந்தாள். மூணு எக்ஸ் ப்ளஸ் அஞ்சு சமம் இருபத்தாறு. இரண்டு தட்டிலிருந்தும் அஞ்சை எடுத்தாயிற்று. தொங்கிக்கொண்டிருந்த இயர்போன் கம்பியை ஒதுக்கும்போது விரல் எங்கே பட்டது என்று அவள் பார்க்கவில்லை. மைக் திறந்துகொண்டது.

வாசலில் மணி அடித்தது.

அந்த வீட்டு வழக்கம், வகுப்பு நேரத்தில் மணி அடித்தால் அவர் தன் மைக்கை மூடிவிட்டு உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார், அவள் போய்த் திறப்பாள். அன்றைக்கும் குரல் கொடுத்தார். அவள் தலையைத் தூக்கவே இல்லை.

"நீங்க போய்ப் பாருங்க. எனக்குக் கணக்கு வந்துக்கிட்டு இருக்கு!"

அவருக்கு இது முதலில் கதவு வழியாகக் கேட்டது. ஒரு கணம் கழித்து, அதே வார்த்தைகள், அதே அலுப்பு, காதுக்குள் கேட்டது. திரையில் கள்ளிச்செடியைச் சுற்றிப் பச்சைக் கோடு மின்னியது.

வகுப்பே கேட்டது. பூனை எழுதியது: 'சார், கள்ளிச்செடி வீட்டுல யாரோ வந்திருக்காங்க.' கார் எழுதியது: 'சார், உங்க வீட்டு பெல்லும் போன வாரம் இப்படித்தானே அடிச்சுது?' சூரியனுக்கு விஷயம் புரிந்துவிட்டது போல, கைதட்டுகிற பொம்மை ஒன்றை அனுப்பியது.

8

இங்கே நான் இரண்டு நாள் நின்றுவிட்டேன்.

ஒரு முடிவு: 'அவர் கண்கள் கலங்...' (இல்லை. அவர் அந்த மாதிரி ஆள் இல்லை.)

இன்னொன்று: 'இத்தனை நாள் என்னை ஏமாத்தினியா என்று கதவைத் தள்ளிக்கொண்டு...' (எழுதும்போதே அவள் என்னை முறைத்தாள்.)

வேறொன்று: அவள் பயந்துபோய் வெளியேறிவிடுகிறாள், அதோடு கணக்கும் போயிற்று. (இதை எழுத எனக்கு மனசு வரவில்லை. கதை என்னுடையது, என் இஷ்டம்.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அவர் மைக்கைத் திறந்தார். சமையலறையில், வகுப்பு எழுதியதைப் படித்துவிட்ட அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, எந்தக் குரல் வரப்போகிறதோ என்று உட்கார்ந்திருந்தாள்.

"கள்ளிச்செடி, வந்துக்கிட்டிருந்த கணக்கு வந்துருச்சா?"

வகுப்புக் குரல்தான். அவசரமில்லாமல், கொஞ்சம் சிரிப்போடு.

"வந்துருச்சு சார்," என்றாள். "எக்ஸ் ஏழு."

"எப்படி வந்துச்சு? எல்லாருக்கும் ஒருதரம் சொல்லுங்க."

அவள் சொன்னாள். தராசிலிருந்து ஆரம்பித்து, தட்டு சாயாமல், முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் பூனையும் காரும் குழந்தையும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அன்றைக்குத்தான் அவருக்கு அது கிணறாகத் தெரியவில்லை.

(தேர்வு என்ன ஆயிற்று என்று உங்களைத் தவிக்கவிட மாட்டேன். தேறிவிட்டாள். வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டு 'இப்போ தெளிவா இருக்கா?' என்று இப்போது அவள்தான் கேட்கிறாள். பொறுமையாகக் கேட்கிறாள் என்று பெயர்.)

9

ஆனால் அந்த மாலை இன்னும் முடியவில்லை. வகுப்பு முடிந்து ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். திரையில் இரண்டே கட்டங்கள், அவரும் கள்ளிச்செடியும். யாரும் வெளியேறவில்லை.

"வேற சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்றார்.

"ஒண்ணு இருக்கு சார்."

"கேளுங்க."

"இந்த கிளாஸ் சாப்பாட்டு மேசையிலயும் நடக்குமா?"

திரையில் அவர் எழுந்திருப்பது தெரிந்தது, பிறகு காலி நாற்காலி மட்டும் தெரிந்தது. அவள் ஒரு நொடி யோசித்துவிட்டுக் கேமராவைப் போட்டாள். கள்ளிச்செடி போய், அந்த இடத்தில் முதல்முறையாக அவள் முகம் வந்தது. பார்க்க எதிரே யாரும் இல்லை. நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்டது, சமையலறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

பத்திரிகை ஆசிரியரே, நீங்கள் கேட்ட ஒப்பீடு இதோ இருக்கிறது. தாளின் நடுவில் நான் போட்ட கோடு இப்போது ஒரு கதவு. அந்தப் பக்கம் முகம் பார்த்துப் பாடம் நடத்தத் தெரிந்தவர், இந்தப் பக்கம் முகம் தெரியாததால் கேட்கத் துணிந்தவள். எது சிறந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அவர் எந்தக் குரலோடு நிற்கிறார் என்பதையும் எழுதப்போவதில்லை. அதை எழுதினால் வாத்தியாருக்கு விடையைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும், அவரே போட்டுப் பார்க்கட்டும்.

வாசகரே, கதவைத் திறக்கிற வேலை உங்களுக்கு. வாசலில் மணி அடித்தவர் பார்சலை வைத்துவிட்டு எப்போதோ போய்விட்டார், அதை யார் எடுப்பது என்று அவர்கள் பிறகு சண்டை போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் இந்தக் கைப்பிடியைப் பிடியுங்கள், மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே ஒருத்தி ரஃப் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்குப் பதில் வரும் என்று சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.