முகஜாடை

பிப்ரவரி பதினோராம் தேதி காலை, நகர மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் தையல்காரியின் அப்பா இறந்தார். மதியம் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அவள் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். பல வருடங்களாகக் கையும் காலும் தாமாகத் துள்ளிய உடம்பு. பொத்தான் தாங்காது என்று அவருடைய எல்லாச் சட்டைகளுக்கும் வெல்க்ரோ வைத்துத்தான் அவள் தைத்திருந்தாள். இது அண்ணன் வாங்கி வந்த சட்டை.

"அச்சு அசல் அவனேதான்" என்றாள் அத்தை, பிணத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்து. "மூக்கு, நெத்தி எல்லாம். அடுத்தது இவதான்."

அந்த வீட்டுக் கணக்கு அது. தாத்தாவுக்கு வந்தது, அவர் ஜாடையில் இருந்த பெரியப்பாவுக்கு வந்தது, பிறகு அப்பாவுக்கு. நோய் முகம் பார்த்து வரும். அண்ணனுக்கு அம்மா ஜாடை. அவனுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளைகள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களை அவனே தெருமுனையில் மறித்துத் திருப்பி அனுப்பினான்.

"கடைய மூடிட்டு எங்ககூட மாடிக்கு வந்துடு" என்றான் இப்போது. "பிள்ளைங்களப் பாத்துக்க. உனக்கு முடியாமப் போறப்ப நாங்க பாத்துக்குறோம்."

"எனக்கு வராது."

"ஆமா, நீ பெரிய டாக்டரு."

"ரத்தம் குடுத்துப் பாத்தாச்சு. போன வாரம் சொல்லிட்டாங்க. எங்கிட்ட அது இல்ல."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான்.

"யாரக் கேட்டுக் குடுத்த?"

"என் ரத்தத்துக்கு உன்ன எதுக்குக் கேக்கணும்?"

அண்ணி எழுந்து வந்தாள். "அப்ப ஜாடைக்கும் இதுக்கும்?"

"சம்பந்தமே இல்ல அண்ணி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா காசு சுண்டிப் பாக்குற மாதிரியாம். எனக்குத் தப்பிருச்சு. உங்க வீட்டுக்காரருக்கு எப்படி விழுந்துச்சுன்னு பாத்தாத்தான் தெரியும்."

"பொணத்த வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சா இது?" என்றான் அண்ணன். "வயித்தெரிச்சல்ல உளறுறா."

"நாளைக்குப் போய் ரத்தம் குடுப்பீங்களா?" அண்ணி அவனிடம் கேட்டாள்.

"எனக்கு அம்மா ஜாடைடி."

அத்தைகூடத் தலையாட்டவில்லை. அண்ணி பிள்ளைகள் இருவரையும் அவன் பக்கத்திலிருந்து எழுப்பி உள்ளே கூட்டிப் போனாள்.

ஐந்து மணிக்குச் சுடுகாட்டு வண்டி வந்தது. அண்ணன் முன் இருக்கையில் ஏறிக்கொண்டான்.

மார்ச்சில் தையல்காரி கடைக்குப் பின்னாலிருந்த அறைக்குக் குடிபோனாள். அந்த வருடம் முடியும்வரை அண்ணன் ரத்தம் கொடுக்கவில்லை.