காது மாதிரி ஓர் இலை

1

இது ஒட்டுக் கேட்ட கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குப் பித்தப்பையில் கல் எடுத்திருந்தார்கள். நான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டிலுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு துணித்திரை. கண்ணைத்தான் மறைத்தது.

எழுதப் போகிறேன் என்றதும் மனைவி சொன்னாள்: "காதைத் தீட்டிக்கிட்டு கேட்டதே தப்பு. அதை ஊருக்கு வேற சொல்லப் போறீங்களா?"

இருந்தாலும் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: 'வண்ணங்களின் நடுவே பிறந்தவள் அவள், அவள் விரல்களில்...'

(அடித்துவிட்டேன். அப்படி யாரும் பிறப்பதில்லை.)

இரண்டாவது: பக்கத்துக் கட்டில்காரியைப் பார்க்க வந்தவள் ஓவியர். ஐம்பதைத் தாண்டியவள். ஒன்பது வருடங்களாக ஒரு முகம்கூட வரையவில்லை.

இது நிற்கும்.

காரணம் அம்மா. அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த கடைசி மாதம் முழுக்க இவள் கூடவே இருந்து வரைந்தாள். குழிந்த கன்னம், பல்செட் கழற்றிய வாய், தலையணையில் ஒட்டிய முடி. அம்மா போன பிறகு அவற்றைக் கண்காட்சியில் வைத்தாள். பார்க்க வந்த அக்கா மூன்றாவது படத்தோடு நின்றுவிட்டாள்.

"கண்ணாடி பார்க்காம வாசலுக்குக்கூட வரமாட்டா அம்மா. அவளைப் போய் இப்படி நிக்க வெச்சுட்டியேடி."

அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது.

(கன்னமும் தலையணையும் என் கற்பனை. அக்காவின் வாக்கியம் கற்பனை இல்லை. மருத்துவமனையில் அதை அவளே திரும்பச் சொல்லிக் கேட்டேன்.)

3

அதன்பின் அவள் துணிக்கு மாறினாள். மாடி அறை, நீள மேஜை, அதன்மேல் தடித்த கம்பளி. மரக்கட்டையில் வடிவத்தைச் செதுக்கி, சாயத்தில் ஒற்றி, துணியில் வைத்து, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரே குத்து. நூலளவு தள்ளினாலும் வரிசை முழுதும் கோணிக்கொள்ளும். (இதெல்லாம் நான் ஒரு அச்சுப் பட்டறைக்குப் போய் நின்று பார்த்து எழுதியது.) கோடுகள், கட்டங்கள், இலைகள். யார் மனதையும் புண்படுத்தாத வடிவங்கள். ஓர் இலையை ஆலைக்காரர்கள் வாங்கித் திரைத்துணியாக அடித்துத் தள்ளினார்கள்.

அக்காவின் கட்டிலைச் சுற்றித் தொங்கியது அந்தத் துணிதான். நான் இட்டுக்கட்டியிருந்தால் கூச்சப்பட்டு மாற்றியிருப்பேன். இட்டுக்கட்டவில்லை, என் முழங்கையில் அது உரசிக்கொண்டிருந்தது.

4

அக்காவுக்கு வயிற்றில் கட்டி. மறுநாள் அறுவை. அக்காவின் மகள் தகவல் சொல்ல, ஓவியர் வந்தாள். உள்ளே போனவள் உட்காரவில்லை. திரைக்கடியில் அவள் செருப்புகள் அசையாமல் நின்றன.

"உட்காரேன். காலு வலிக்கப் போகுது."

நாற்காலி இழுபட்டது. கண்காட்சிப் பேச்சு வந்தது, போனது. பிறகு அக்கா கேட்டாள்:

"இந்தத் துணி நீ போட்டதுதானே?"

"யாருக்கா சொன்னா?"

"யார் சொல்லணும்? எட்டு நாளா இதையே பார்த்துட்டுக் கிடக்கேன். இலையாடி இது? அம்மா காது. கம்மல் போட்டுப் போட்டு மடல் தொங்குமே, அப்படியே இருக்கு."

உள்ளிருந்து ஒரு கை திரையைப் பிடித்தது. துணி என் பக்கம் சுருங்கியது.

"இலைன்னு நினைச்சுத்தான் செதுக்கினேன்க்கா. சத்தியமா."

"தெரியும். உனக்கு மறைக்க வராது. உன்கிட்ட பிரச்சனையே அதான்."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை.

5

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (கையில் ஊசி, பக்கத்தில் குழாய். எங்கே கட்டிப்பிடிப்பது?) இன்னொன்றில் மறுநாள் அக்கா...

வேண்டாம். கேட்டதைச் சொல்கிறேன்.

"நாளைக்கு எப்படியோ. என்னை வரையேன்."

"இந்தக் கோலத்துலயா?"

"இதுலதான்."

"வரைஞ்சா நாலு பேருக்குக் காட்டுவேன்க்கா. இப்பவே சொல்லிட்டேன். ஒளிச்சு வெக்கிறதுக்கு வரைய எனக்கு வராது."

என் மனைவிகூட மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள் அக்கா. "இரு, தலையை மட்டும் வாரிக்கிறேன்."

அப்போதுதான் எங்களை வீட்டுக்கு அனுப்ப நர்ஸ் சக்கர நாற்காலியோடு வந்தார். ஒன்பது வருடம் முகம் வரையாத கை எப்படி ஓடியது, மறுநாள் என்ன ஆயிற்று, எதுவும் எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். மனைவி ஒரு பார்வை பார்த்தாள், விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது திரை ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. நான் குனிந்து செருப்பைத் தேடினேன். நீங்கள் வேண்டுமானால் பாருங்கள். அக்கா தலை வாரி முடிக்கட்டும், அதுவரை பொறுங்கள்.