பரீட்சை மண்டபத்தின் எட்டு ஜன்னல்கள்

1

இந்தக் கதை அண்ணியிடமிருந்து திருடியது. சுவிட்சைப் போடும் முன் அவர் புறங்கையால் சுவரைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டு, ஏன் என்று கேட்டேன். சொன்னார். இனி அவரை ‘அவள்’ என்றே எழுதுவேன். கதைக்குள் மரியாதை செல்லாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வெளிச்சம் என்பது ஒரு—’

(வேண்டாம். நானே கொட்டாவி விட்டேன்.)

2

ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் விளக்குகளையும் மின் இணைப்புகளையும் ஆராய வந்திருந்தாள். ஒவ்வோர் அறையிலும் மேசைமேல் வெளிச்சமானியை வைத்து, விளக்கு தருவது எவ்வளவு, ஜன்னல் தருவது எவ்வளவு என்று குறித்துக்கொள்வாள். அன்று முற்பகல், தரைத்தளப் பரீட்சை மண்டபத்தின் வாசலில் இருந்த மின்பெட்டி அருகே கையைக் கொண்டுபோனாள். அனல் அடித்தது. அழுகிய மீன் வாடை. வயரின் உறை உருகும்போது வரும் வாடை அது.

உள்ளே இருநூறு பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

3

அந்தக் கட்டடத்தின் எலெக்ட்ரீஷியனைக் கோழையாக எழுதி, பிறகு அடித்துவிட்டேன். அவள் சொல்லியும் மெயினை அணைக்க அவர் மறுத்தது உண்மை. ஆனால் காரணம் இருந்தது.

“போன வருஷம் கரண்ட் போனப்போ உள்ள ஒரே கும்மிருட்டும்மா. இருக்கிறது ஒரே வாசல். முண்டியடிச்சதில ஆறு பேர் மிதிபட்டாங்க. நான்தான் தூக்கினேன்.”

அணைத்தால் இருட்டு, விட்டால் நெருப்பு. பரீட்சைக் கண்காணிப்பாளரோ, இன்னும் நாற்பது நிமிடம்தானே, பொறுங்கள் என்றார்.

(இங்கே அவள் வீரமாக ஏதோ சொல்வதாக எழுதினேன். அண்ணி படித்துவிட்டு, அப்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்றார்.)

மண்டபத்துக்குள் நுழைந்தாள். நெருப்பு என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தை அளக்க வேண்டும், திரைகளை விலக்கப்போகிறேன் என்றாள். எட்டு ஜன்னல்கள், எட்டு கறுப்புத் திரைகள். ஒவ்வொன்றாக இழுத்தாள். ஐந்தாவது சிக்கிக்கொண்டது. வாசலுக்கு வெளியே ‘சடசட’வென்று ஏதோ பொரியும் சத்தம். ஒரு மாணவி தலை தூக்கிப் பார்த்தாள். அந்த மாணவியைப் பார்த்து இவள் சிரித்தாளாம். எப்படிச் சிரித்தேன் என்று இன்னும் தெரியவில்லையாம்.

எட்டாவது திரை விலகியதும் வாசலைப் பார்த்துத் தலையசைத்தாள். அங்கே காத்திருந்த எலெக்ட்ரீஷியன் மெயினை அணைத்தார்.

மின்விசிறிகள் நின்றன. ஒருவரும் எழவில்லை. பேனாக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பெட்டியைத் திறந்தபோது மூன்று வயர்கள் கரியாகியிருந்தன.

4

நெருப்புப் பிடிப்பதாக ஒரு முடிவு எழுதிக் காட்டினேன்.

“நாலு பேர் செத்தாத்தான் உங்களுக்குக் கதையா, தம்பி?” என்றார் அண்ணி.

கிழித்தேன். ஆனால் வேறு முடிவும் வரவில்லை. மேலே இன்னும் ஆறு மாடிகள். ஒவ்வொன்றிலும் அதே பெட்டி. கட்டடத்தைப் பூட்டச் சொன்ன அண்ணியின் அறிக்கைக்கு, ஆராய்வோம் என்று பதில் வந்திருக்கிறது. திங்கட்கிழமை வகுப்புகள் உண்டு. நான்காம் மாடியில் பாடம் எடுப்பவர் என் அண்ணன்.

ஞாயிறு சாயங்காலம். அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார். அண்ணி வாசற்படியில் நின்று, “நாளைக்கு—” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்கிறார்.

அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் முடியுங்கள், கொஞ்சம் சீக்கிரம்.